எனக்குச் சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரி

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மொன்றியல் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேர் "ஆ, அவவோ, தங்கமான பிள்ளையல்லோ" என்று தொடங்கிவிடுவார்கள். அதை நின்று கேட்கிற பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஒரே வசந்தகாலத்தில், நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் அரச சட்டத்தரணிகளாக வேலைக்குச் சேர்ந்தோம். பொலிஸ் கொண்டுவருகிற முறைப்பாட்டில் வழக்குப் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது, போட்டால் அதை நீதிமன்றத்தில் நடத்துவது, இவைதான் எங்கள் வேலை. நான் யாழ்ப்பாணம், அவள் திருகோணமலை. இருவருமே சின்ன வயதில் இங்கே வந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்த அலுவலகத்தில் வேறு தமிழர் இல்லை. எங்கள் தலைவி, கட்டையாக வெட்டிய நரைமுடிக்காரி, முதல் சில வாரங்கள் எங்கள் பெயர்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். பிறகு அவளை அவளுடைய பெயரால் சரியாகக் கூப்பிடப் பழகிக்கொண்டார். என்னையும் அவளுடைய பெயரால் கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவள் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. இதை எழுதுவதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி இருக்கிறது. குள்ளம், கொஞ்சம் பருமன். தும்மினால் இரண்டு அறை தள்ளி இருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். குளிர்காலக் கோட்டில் ஒரு பொத்தான் விழுந்துபோய், அந்த இடத்தில் ஊசி குத்தியிருப்பாள். காலையில் கீழே டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஒரு சொக்லேற் பால் வாங்கிக்கொண்டு, அதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி உறிஞ்சிக்கொண்டே மின்தூக்கியில் வருவாள். நான் கண்ணாடிக்கு முன்னால் செலவழித்த நேரம் முழுவதையும் அவள் தூங்கிக் கழித்திருப்பாள் என்பது முகத்திலேயே தெரியும்.

சாட்சி சொல்ல வருகிற ஆட்களைச் சந்திப்பதற்கு எங்களிடம் ஒரு சின்ன அறை இருந்தது. நாங்கள் அவர்களைத் தனியாகச் சந்திப்பதில்லை. பொலிஸ் துப்பறிவாளர் ஒருவர் கூட இருப்பார். சாட்சி எங்களிடம் சொல்வதை நாங்கள் பூட்டி வைக்கவும் முடியாது. வழக்குக்குச் சம்பந்தப்பட்ட எதுவானாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் கொடுத்தே ஆகவேண்டும், அது எங்களுக்குப் பாதகமாக இருந்தாலும். இது சட்டம். எல்லோரும் இதைச் சாட்சிக்கு ஏதோ ஒரு கட்டத்தில் சொல்லுவோம். நான் பெரும்பாலும் கடைசியில், எழும்பும்போது, மெதுவாகச் சொல்வேன். அவள் கதிரையில் இருக்க முதலே சொல்லிவிடுவாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவாள். பிறகு நேரே முகத்தைப் பார்ப்பாள்.

"எனக்குச் சொன்னா எல்லாருக்கும் சொன்ன மாதிரி. மற்றப் பக்கத்துக்கும் நான் குடுக்கவேணும். யோசிச்சுக் கதையுங்கோ. நான் ஒண்டும் ஒளிக்கமாட்டன், ஒரு வாக்கும் தரமாட்டன்."

இப்படிச் சொன்னால் எந்த மனிதர் வாய் திறப்பார்? அவளிடம் திறந்தார்கள். ரகசியத்தைக் காப்பாற்றமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறவளிடம்தான் ஊர்ச்சனம் முழுவதும் ரகசியத்தைக் கொண்டுபோய்க் கொட்டியது. நான் அன்பாகத்தான் பேசுவேன். தண்ணீர் கொடுப்பேன், ரிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைப்பேன். என்னிடம் "தெரியாது", "ஞாபகம் இல்லை" என்பதுதான் வரும்.

காலை முறையிலும் இதே கதைதான். எங்களில் ஒருவர் காலையில் கவுண்டரில் இருப்போம். துப்பறிவாளர்கள் வழக்குக் கோவைகளோடு வரிசையில் நிற்பார்கள். வாசித்துவிட்டு வழக்குப் போடலாம் என்று சொல்லலாம், இன்னும் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பலாம், அல்லது போடமுடியாது என்று மறுக்கலாம். நான் வேகம். மத்தியானத்துக்குள் வரிசையை முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அவள் ஒரு கோவையை வைத்துக்கொண்டு துப்பறிவாளரைக் கேட்பாள்: அந்தக் கதவு உள்ளே திறக்கிற கதவா, வெளியே திறக்கிற கதவா? அவர் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். தொடக்கத்தில் அவர்கள் அவளுடைய முறை வருகிற நாட்களைத் தவிர்த்தார்கள். ஒரு வருடம் போக, சிக்கலான கோவை வைத்திருக்கிறவர்கள் என் முறையில் வராமல் அவளுடைய முறைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

சாந்தினி அக்காவின் கோவை முதலில் என்னுடையது. மட்டக்களப்புக்காரி, கார்ட்டியர்வில்லில் குடியிருந்தவர். கணவன் அடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குத் தொலைபேசி அடித்துச் சொல்லி, வழக்குப் போட்டாயிற்று. வழக்கு நீதிமன்றத்தில் விளக்கத்துக்கு வருமுன் சாந்தினி அக்கா என்னைப் பார்க்க வந்தார்.

"தங்கச்சி, கேஸை வாபஸ் வாங்கவேணும்."

"அது உங்கட கேஸ் இல்லை அக்கா, அரசாங்கம் போட்ட கேஸ். நீங்கள் நினைச்சாலும் நிப்பாட்டேலாது. பயப்பிடாதேங்கோ, எல்லாம் நான் பாத்துக்கொள்றன்."

அவர் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் இருந்த துப்பறிவாளர் கொட்டாவி விட்டார். நான் ஏதோ பிரதி எடுக்க வெளியே போனேன். திரும்பி வந்தபோது, கதிரை ஒன்று கேட்டு உள்ளே வந்த அவள், தன் வழக்கமான வசனத்தைச் சொல்லியிருக்கிறாள் போல, அந்தக் கதிரையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். சாந்தினி அக்கா அழுது அழுது சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"அக்கா, உரைபெயர்ப்பாளர் வரட்டும். இவருக்கும் விளங்கவேணும். அப்ப திருப்பிச் சொல்லுவீங்களோ?"

"சொல்லுவன். நீங்கள் இருந்தாச் சொல்லுவன்."

அவர் சொன்னது எங்கள் வழக்குக்கு நல்லதல்ல. அன்றைக்கு முதலில் கை நீட்டியது தான்தான் என்றார். அவள் அதை அப்படியே எதிர்த்தரப்புக்கு அனுப்பினாள். தலைவி கோவையை அவளுக்கே மாற்றிவிட்டார். கடைசியில் வழக்கு தண்டனை வரைக்கும் போகவில்லை. கணவன் நீதிபதிக்கு முன்னால் ஒரு வருடம் அமைதி காப்பதாக உறுதி கொடுத்து, வேறிடத்தில் போய் இருந்தான். சாந்தினி அக்காவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் நடைபாதையில் கண்டபோது நான் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அக்கா, அண்டைக்கு ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "நீங்கள் நல்ல பிள்ளை. ஆனா 'எல்லாம் நான் பாத்துக்கொள்றன்' எண்டு சொன்னியள். அவரும் ஒவ்வொருக்கா அடிச்சாப்பிறகு அப்பிடித்தான் சொல்றவர்."

அந்த நத்தார்ப் பண்டிகைக்குச் சாந்தினி அக்கா ஒரு பெட்டி கேக் சுட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். நாங்கள் யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாது. அவள் கேக்கை வாங்காமல், கோட்டையும் போடாமல், அவரோடு கீழே இறங்கி, பனிக்குள் பஸ் தரிப்பு வரைக்கும் நடந்துபோய்ப் பேசிக்கொண்டு நின்றாள். நான் மேலே ஜன்னலில் நின்று பார்த்தேன். நான் வென்று கொடுத்த வழக்குகளின் ஆட்களில் ஒருவர்கூட எனக்கு ஒரு பிஸ்கட் கொண்டுவந்து அதைத் திருப்பிக் கொண்டுபோனதில்லை.

அவளுடைய அந்த வசனத்தை ஒருமுறை நானும் சொல்லிப் பார்த்தேன். பணப்பை பறிகொடுத்த ஒரு வயதான அம்மா. கடிகாரத்தைக் கழற்றினேன், முகத்தைப் பார்த்தேன், சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, "அப்ப நான் ஏன் உமக்குச் சொல்லவேணும்?" என்று எழும்பி, கையுறைகளைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். துப்பறிவாளர்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

அவளுக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது என்றும் சொல்ல முடியாது. டவுன்டவுனில் ஒரு உணவகத்துச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மாணவன், தமிழ்நாட்டுப் பையன். சமையல்காரன் வேண்டுமென்றே தன் கையில் கொதி எண்ணெய் ஊற்றியதாக முறைப்பாடு. கையில் தோல் உரிந்து கிடந்த படங்களைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். வழக்குக்கு முதல் நாள் அவள் தன் வசனத்தைச் சொல்லியிருக்கிறாள். பையன் நெடுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வேணும்னு ஊத்தலைங்க. கால் தடுக்கிடுச்சு அவனுக்கு. ஆனா தினம் தினம் நாயை விடக் கேவலமா திட்டுவான் மேடம். ஒரு தடவையாவது பயப்படட்டும்னுதான் சொன்னேன்" என்றிருக்கிறான்.

மறுநாள் அவள் நீதிபதிக்கு முன் எழுந்து, தன்னிடம் சான்று இல்லை என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தாள். சமையல்காரன் சிரித்துக்கொண்டு வெளியே போனான். நடைபாதையில் பையன் அவளை மறித்தான்.

"என்னங்க மேடம், நம்ம ஆளுன்னு நம்பித்தானே சொன்னேன்!"

"நான் நம்பச் சொல்லேல்லையே, தம்பி."

அவன் சுவரோடு சாய்ந்து அழுதான். பிறகு அவன் திரும்பி வரவில்லை, அவளுக்குக் கேக் கொண்டுவரவும் இல்லை. அன்று மத்தியானம் அவள் மாடிப்படியில் தனியே இருந்ததைக் கண்டேன். சொக்லேற் பால் திறக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது. நானும் ஒரு படி மேலே உட்கார்ந்தேன்.

"ஆயத்தமான கோவை. அவன் சொன்னதைப் பேசாமல் விட்டிருக்கலாமே," என்றேன். அப்படி விடமுடியாது என்பது எனக்கும் தெரியும். அவளைச் சொல்லவைக்கத்தான் கேட்டேன்.

"விட்டா, பேந்து அடுத்த ஆளுக்கு முன்னால இருந்து என்னெண்டு அதைச் சொல்றது?"

அவளுக்கு வலிக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நிமிடம்கூட அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. நானும் வழக்குகளில் தோற்றிருக்கிறேன். தோற்ற நாட்களில் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன். தலைவி அவளைக் கூப்பிட்டு ஏசுவார் என்று எதிர்பார்த்து, அன்று பின்னேரம் அந்தக் கதவுப் பக்கமாகத் தேவையில்லாமல் இரண்டு மூன்று தடவை நடந்தேன். தலைவி வெளியே வந்து, இனிமேல் கடினமான சாட்சி உள்ள கோவைகளை அவளுக்குக் கொடுங்கள் என்று செயலாளரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, அவளுடைய பெயரைச் சொல்லி, "போன் சுவார்" என்று மாலை வணக்கம் சொன்னார்.

சில வருடங்களில் அவள் மாற்றல் கேட்டு ஆற்றுக்கு அப்பால், லோங்கேய் பக்கத்து அலுவலகத்துக்குப் போனாள். பிரிவுபசார விருந்தில் நான்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்றார்கள். உண்மையான சந்தோஷத்தோடு பேசினால் பேச்சு நன்றாக வரத்தானே செய்யும்.

அதன் பிறகு தமிழ்ச் சாட்சிகள் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். வேறு வழியில்லை அவர்களுக்கு. அடுத்த இரண்டு குளிர்காலமும் நான் நிம்மதியாக வேலை செய்தேன்.

அப்போதுதான் அம்மாவின் கை முறிந்தது.

அப்பா போனபிறகு அம்மாவும் நானும் அஹுன்ட்சிக்கில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். அம்மா பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. போனால், மணிக்கட்டில் மாவுக்கட்டு, நெற்றியில் வீக்கம்.

"போமன் தள்ளிப்போட்டான்," என்றார் அம்மா. போமன் என்றால் தொழிற்சாலையில் அவர்களை மேற்பார்வை செய்கிறவன்.

"ஏன் தள்ளினவன்?"

"கோவக்காரன்."

நான்தான் அம்மாவைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் அம்மா அதே இரண்டு வசனம்தான் சொன்னார். யாரும் பார்த்தார்களா என்று கேட்டதற்கு, தெரியாது. என்னுடைய காலை வரிசையில் இப்படி ஒரு கோவை வந்திருந்தால் நான் இரண்டு நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். இது அம்மாவின் கை. நான் இரவு பகலாகக் கொதித்தேன்.

அரச சட்டத்தரணி ஒருவருடைய குடும்பத்தவர் சம்பந்தப்பட்ட கோவையை அதே அலுவலகம் தொடாது. வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது யார் கைக்குப் போகிறது என்று நான் விசாரிக்கவும் கூடாது. ஒரு பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"வணக்கம். லோங்கேயிலயிருந்து அரச சட்டத்தரணி கதைக்கிறன். அம்மாவோட கதைக்கலாமோ?"

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா. எத்தனையோ வருடம் ஒரே மின்தூக்கியில் ஏறியவள், என்னை முன்பின் தெரியாத ஆள் மாதிரி கேட்கிறாள். அப்படித்தான் கேட்கவும் வேண்டும். நான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன். பின்னால் கேள்விப்பட்டேன்: கோவை வந்ததும், இவருடைய மகளோடு முன்பு வேலை செய்தேன் என்று தன் தலைவரிடம் முதலிலேயே சொல்லியிருக்கிறாள். அவர் "நண்பிகளா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை" என்றிருக்கிறாள். அது உண்மைதான். அவளுடைய நண்பியாக இருக்க நான் ஒரு நாளும் முயன்றதில்லை. ஆனாலும் அந்த "இல்லை" எனக்குச் சுட்டது.

அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கும் அறையில் பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு பெட்டிக்குள் உடைந்த விளையாட்டுச் சாமான்கள், சுவரில் பிரெஞ்சுச் சுவரொட்டிகள். எங்கள் அலுவலகத்திலும் இதே அறை இருக்கிறது. அந்தக் கதிரைகளில் நான் ஒருபோதும் இருந்ததில்லை. அவள் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண் துப்பறிவாளரும் உரைபெயர்ப்பாளரும்.

"வாங்கோ அன்ரி. கை நோகுதோ?" பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்: "நீர் இஞ்ச இரும்."

முதல் நாள் அம்மா சுணங்காமல் வெளியே வந்துவிட்டார். காரில் ஏறியதும், "யோசிச்சுப்போட்டு வரச் சொன்னவ" என்றார். வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருடனோ தொலைபேசியில் நெடுநேரம் பேசினார்.

சில கிழமை கழித்து, இரண்டாவது தடவை உள்ளே போனவர் மத்தியானம் தாண்டியும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் சொற்கள் கேட்காது, ஆனால் அம்மாவின் குரல் கேட்டது. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அம்மாவோடு நான் பேசும்போது நான் நாலு வசனம் பேசினால் அம்மா "ம்" என்பார். வேலை எப்படி என்றால் "இருக்கு". சாப்பிட்டீர்களா என்றால் "ஓம்". அந்தக் கதிரையில் இருந்து, என் அம்மாவுக்கு இவ்வளவு சொல் இருப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். ஒரு கட்டத்தில் எழும்பிப் போய்க் கதவைத் தட்டலாம் என்றுகூட நினைத்தேன். தட்டி என்ன சொல்வது?

அம்மா வெளியே வந்தபோது கழுத்துச் சால்வை சரியாகச் சுற்றிவிடப்பட்டிருந்தது. ஒரு கையால் அம்மாவால் அதைச் செய்திருக்க முடியாது.

"என்ன கேட்டவ?" என்றேன்.

"என்ன நடந்ததெண்டு கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கேஸ் முடியும்வரைக்கும் ஒருத்தரோடயும் கதைக்கப்படாதாம். உன்னோடயும்."

இதே அறிவுரையை நானும் எல்லாச் சாட்சிகளுக்கும் சொல்கிறவள்தான். ஜாக் கார்ட்டியே பாலத்தில் அன்று நான் ஒரு லொறிக்காரனைத் தேவையில்லாமல் ஏசினேன்.

வழக்குப் போட்டார்கள். பிறகு இன்னொரு குற்றச்சாட்டும் சேர்ந்தது என்று மட்டும் அறிந்தேன். அடுத்த இலையுதிர்காலத்தில் வழக்கு விளக்கத்துக்கு வந்தது. நீதிமன்ற நடைபாதையில் ஒரு இளம் பெண் சுவரோரமாக நின்றாள். நிலானி. அம்மாவோடு தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் தைக்கிறவள் என்று ஒருமுறை பஸ்ஸில் கண்டிருக்கிறேன். அம்மா நேரே போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். போமன் தன் சட்டத்தரணியோடு மின்தூக்கியிலிருந்து இறங்கி, நிலானியைக் கண்டு, நின்றுவிட்டான். அவள் வரமாட்டாள் என்றே நம்பியிருப்பான் போல. அவர்கள் ஒரு மூலைக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். பிறகு அந்தச் சட்டத்தரணி, அரச சட்டத்தரணியான அவளைத் தேடிப் போனார். கொஞ்ச நேரத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் இரண்டு குற்றங்களையும் ஒப்புக்கொள்கிறான்.

ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், நடந்தது என்ன என்று அரச சட்டத்தரணி எழுந்து நீதிபதிக்குச் சொல்லவேண்டும். அவள் எழுந்தாள். கையில் தாள் இல்லை. மெதுவாக, சாதாரணக் குரலில், பிரெஞ்சில் சொன்னாள்.

மத்தியான இடைவேளை. துணிச்சுருள்கள் அடுக்கியிருக்கும் மூலையில் போமன் நிலானியைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தான். அவள் வாயைக் கையால் பொத்தியிருந்தான். எல்லோரும் கன்ரீனுக்குப் போயிருந்தார்கள். மறந்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டியை எடுக்க வந்த ஒரு பெண் அதைக் கண்டார். அவர் கத்தவில்லை, ஓடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் போய்த் தன் உடம்பைச் செருகிக்கொண்டு நின்றார். அவனை விட ஒரு முழம் குள்ளம். போ என்று நிலானியிடம் தமிழில் சொன்னார். அவள் போகும்வரை நகரவில்லை. அவன் அவரைத் தூக்கி எறிந்தான். வெட்டுமேசையில் நெற்றி அடித்து, கையை ஊன்றி விழுந்தார்.

என் அம்மா செய்ததை நான் முதன்முதலில் கேட்டது அவளுடைய வாயால், பிரெஞ்சில், அந்நியர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில். அம்மாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக விளங்காது. முன்வரிசை வாங்கில் இருந்து அவளுடைய முதுகைப் பார்த்தபடி, ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், எல்லாம் சரியாகத்தான் போகிறது என்பதுபோல.

அவனுக்குச் சிறை கிடைக்கவில்லை. நன்னடத்தைக் காலம், இருவரையும் நெருங்கக்கூடாது என்ற கட்டளை. அவனுடைய வேலை முன்பே போயிருந்தது. வெளியே வந்ததும் நிலானி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா பக்கத்தில் போய், அவளுடைய கறுப்பு அங்கியின் கழுத்துப் பட்டியை இழுத்துச் சரிசெய்துவிட்டார். நான் அவர்கள் மூன்று பேரும் வாங்கில் விட்டுவந்த கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் என்னிடம் வந்து தன்னுடையதை வாங்கிக்கொண்டாள். "இனிக் கதைக்கலாம். எப்பிடி இருக்கிறீர்?"

"இருக்கிறன்," என்றேன். அச்சாக அம்மா மாதிரியே சொன்னேன். அவளை அடுத்த கோவைக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை. வேறு மாகாணத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

திரும்பும்போது பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. நிலானியைப் பற்றி அம்மா தானாகவே சொன்னார். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டு, வேறு ஒரு மனு போட்டுவிட்டு, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து பயந்து இருக்கிறவள்.

"முதல் நாள் அந்தப் பிள்ளை அந்த வசனத்தைச் சொன்னவுடன நான் வாயை மூடிப்போட்டன். நிலானின்ர பேரைச் சொன்னா எல்லாருக்கும் தெரியவரும்தானே. வீட்டை வந்து அவளைக் கேட்டன். சொல்லட்டோ எண்டு. ஒரு கிழமையா யோசிச்சாள். பேந்து தானே போய் அந்தப் பிள்ளையைக் கண்டவள். 'குடிவரவுக்கு நான் அறிவிக்கமாட்டன், ஆனா அவங்களுக்குத் தெரியவராது எண்டு வாக்குத் தரமாட்டன்' எண்டு சொன்னவவாம். தெரிஞ்சுகொண்டுதான் அவள் வந்தவள்."

"எனக்கு ஏன் அம்மா சொல்லேல்லை? ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமே?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார்.

"உனக்குச் சொன்னா நீ ஒளிப்பாய்."

"உங்களுக்காக ஒளிச்சிருப்பன்தான்."

"அதுதான். ஒளிச்சா உன்ர வேலை போகும். ஒளிக்காட்டி, நிலானி என்ர பிள்ளையாலதான் அகப்பட்டவள் எண்டு நான் நினைப்பன். பெத்த பிள்ளையை அப்பிடி நினைச்சுக்கொண்டு என்னெண்டு ஒரு வீட்டில இருக்கிறது? அந்தப் பிள்ளை ஆரோ. அவவோட கோவிச்சாலும் எனக்கு ஒண்டுமில்லை."

அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். என்னை இழக்க விரும்பாமல்தான் அம்மா வேறொருத்தியிடம் போயிருக்கிறார். புத்திக்கு அது விளங்கியது. ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த அந்தக் குரல் அவளுக்குத்தான் கிடைத்தது. எனக்கு "ம்" கிடைத்தது. என்ன காரணம் சொன்னாலும் அது மாறப்போவதில்லை.

அம்மா நல்ல கையால் என் தோளைத் தொட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, முன்னால் இருந்த காரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் அழுதிருப்பேன். ஏன் அழுகிறாய் என்று அம்மா கேட்டிருப்பார். நான் தலையிடி என்று சொல்லியிருப்பேன்.